கட்டிலுக்குக் கீழே இருந்த மூடி

எங்கள் வீட்டு செப்டிக் டேங்கின் மூடி, என் வீட்டுக்காரர் படுத்திருக்கும் கட்டிலுக்கு நேர் கீழே இருக்கிறது. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். சிரித்து முடித்துவிட்டு, அங்கே போய் யாராவது டேங்க் கட்டுவார்களா என்று கேட்பார்கள். யாரும் கட்டவில்லை. டேங்க் தன்பாட்டுக்கு வீட்டுக்குப் பின்னால் கிடந்தது. நாங்கள்தான் அதன் தலைமேல் போய் ஒரு அறையைக் கட்டினோம்.

அவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். சிவகாசியில் பட்டாசு லோடு ஏற்றினால் வடக்கே எங்கேயோ போய் இறக்கிவிட்டுத்தான் திரும்புவார். வீட்டில் இருக்கிற நாட்களிலும் வீட்டுக்குள் இருக்க மாட்டார். சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் தெருவில் நிற்பார். ஆமத்தூர் டீக்கடை பெஞ்சில் பாதி அவருடைய சொத்து என்று நான் திட்டியிருக்கிறேன். நாலு சுவருக்குள் இருந்தால் மூச்சு முட்டுகிற ஆள் அது. ஒரு சீசன் நேரத்தில், லோடுக்கு மேலே ஏறித் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து மல்லாக்க விழுந்தார். வெடித்துச் சாகிற ஊரில் இவர் கயிறு அறுந்து விழுந்தார். நான் நர்ஸ். எக்ஸ்ரேயைக் கையில் வாங்கியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் டாக்டர் வாயால் வரட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன். இடுப்புக்குக் கீழே இனி ஒன்றுமில்லை என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து எங்கே படுக்க வைப்பது? எங்கள் வீடு தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தது போல ஒடுக்கமான வீடு. வாசலில் படி, உள்ளே படி, கக்கூஸுக்குப் போக இன்னொரு படி. பின்னால் மட்டும்தான் கொஞ்சம் இடம் கிடந்தது. அங்கே அறையும் அதோடு சேர்ந்த குளியலறையுமாகக் கட்டிவிடலாம் என்றார் கொத்தனார். டேங்க் இருக்கிறதே என்றேன். ஸ்லாப் நல்ல கனம், ஒன்றும் ஆகாது என்றார். தரை முழுக்க டைல்ஸ் வேண்டும் என்று கேட்டது நான். மூடிக்கு மேலேயுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இடுக்கு இருந்தால் கிருமி சேரும். படுத்தே கிடக்கிற ஆளுக்கு ஒரு புண் வந்தால் ஆறவே ஆறாது. நான் பார்த்ததெல்லாம் அவர் முதுகை மட்டும்தான். மூடி என்றால் ஒரு நாள் திறக்க வேண்டிவரும் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டார்.

"யாரும் என்னைய இந்தக் கோலத்துல பாக்கக் கூடாது புள்ள. சொந்தக்காரன் வந்தாலும் உள்ள விடாத."

அவர் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே சத்தியம் அது. நானும் காவல் நாய் மாதிரி அதைக் காத்தேன். அவருடன் லாரி ஓட்டியவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வருவார்கள். முன்னறையோடு நிறுத்தி, தூங்குகிறார் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். சூலக்கரைக்கு அலைந்து, கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்து ஒரு சக்கர நாற்காலி வாங்கினேன். அது கட்டிலுக்கும் குளியலறைக்கும் மட்டும் போய்வந்தது. அடுப்படி வாசலைத் தாண்டி அது வெளியே வராது. வந்தாலும் படி. படி இல்லாவிட்டாலும் சத்தியம்.

அவருக்குக் கை மட்டும் நல்ல வலு. ஸ்டியரிங் பிடித்த கை அல்லவா. கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே தாவிக்கொள்வார். நான் டூட்டிக்குப் போயிருக்கும்போது மூத்திரப் பையைத் தானே கொண்டுபோய்க் கொட்டிக் கழுவி வைத்துவிடுவார். அறையில் ஒரு ஜன்னல் உண்டு. அது பக்கத்துச் சந்தைப் பார்த்தது. எதிரே ஒரு மதில். ஜன்னலை ஒட்டி டேங்கின் வாயுக் குழாய் நின்றதால் அந்த ஜன்னலையும் அடைத்துவிட்டேன். ஆடி மாதம் இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு நடந்து போகிற கூட்டம் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். கொட்டுச் சத்தம் சுவரில் மோதி உள்ளே வரும். அது தேய்கிறவரைக்கும் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கழிப்பறைத் தண்ணீர் முதன்முதலாக எதிர்த்து வந்தது ஒரு மழைக்காலத்தில். கரிசல் மண் தண்ணீரைக் குடிக்காது. மழை பெய்தால் அதுவே நிறைந்து நிற்கும். போதாததற்கு நான் வேறு தினமும் பினாயிலையும் பிளீச்சிங் பவுடரையும் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தேன். டேங்குக்குள் கழிவைத் தின்கிற கிருமி உயிரோடு இருந்தால்தான் டேங்க் சீக்கிரம் நிறையாது, அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவர் முதுகில் கிருமி வரக் கூடாதே. டேங்கா முதுகா என்று வந்தால் முதுகு என்று முடிவு செய்துகொண்டேன். அன்றைக்குப் பார்த்து எங்கள் சபைப் பெண்கள் ஜெபம் பண்ண வந்துவிட்டார்கள். முன்னறையில் உட்கார்ந்து, சேலை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாடினார்கள். பாட்டு வழக்கத்தை விடச் சீக்கிரமே முடிந்துபோனது.

செப்டிக் டேங்க் லாரியைக் கூப்பிட்டேன். வந்தவர் கனத்த உடம்பும் பெரிய தொண்டையுமாக ஒரு ஆள். மூடி எங்கே என்று கேட்டார். கட்டிலைக் காட்டினேன். கட்டிலையும் பார்த்தார், அதில் படுத்திருந்தவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். டைல்ஸை உடைத்து மூடியைத் தூக்கினால் வருகிற வாயு என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆஸ்பத்திரியில் பார்த்தவள் நான். அவரை அறைக்குள் வைத்துக்கொண்டு திறக்க முடியாது. கட்டிலோ வெளியே வராது, உள்ளேயே வைத்துப் பாகம் பாகமாகப் பூட்டிய இரும்புக் கட்டில். ஆளைத்தான் தூக்கவேண்டும்.

போர்வையோடு நாலு பேர் தூக்கினார்கள். அடுப்படி வழியாக, முன்னறை வழியாக, படி இறங்கித் தெருவுக்கு. நாலு பேர் தூக்குவதென்றால் எங்கள் பக்கம் அதற்கு ஒரு அர்த்தம்தான் உண்டு. கால் முன்னால் போகிற மாதிரி தூக்கிவிட்டார்கள். எனக்கு எங்கிருந்து அந்தச் சத்தம் வந்ததோ, திருப்புங்கடா, தலை முன்னால போகட்டும் என்று கத்தினேன். குறுகலான அடுப்படிக்குள் அவரை அப்படியே ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பினார்கள்.

எதிர்வீட்டு வேப்பமரத்துக்குக் கீழே நார்க்கட்டில் போட்டுப் படுக்க வைத்தோம். தெருவே கூடிவிட்டது. மூத்திரப் பை கட்டில் சட்டத்தில் தொங்கியது. என் துண்டை எடுத்து அதன்மேல் போட்டேன். உள்ளே டைல்ஸ் உடைகிற சத்தம், வெளியே இத்தனை கண். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அடுத்த வீட்டு அக்கா பட்டாசுக் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கையெல்லாம் வெள்ளி மருந்து. கழுவக்கூடப் போகாமல் கட்டில் பக்கத்தில் குத்தவைத்து, எந்தக் கம்பெனிக்கு ஆர்டர் வந்தது, எதைச் சீல் வைத்தார்கள் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் லாரிக்காரரைக் கூப்பிட்டு, பின் டயர் தேய்ந்துவிட்டது, மாற்றாமல் ஓட்டாதே என்றார். லாரிக்காரரும் தன் லோடைப் பற்றி ஏதோ பதில் சொன்னார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. என்ன வேடிக்கை இங்கே, அவரவர் வீட்டில் வேலையில்லையா என்று வாய்க்கு வந்தபடி பேசி எல்லாரையும் விரட்டினேன். அக்கா எழுந்து போனாள். வேப்பமரத்தடியில் அவரும் கட்டிலும் மட்டும் மிஞ்சினார்கள். வேலை முடிந்து திரும்பத் தூக்கிக்கொண்டு போனபோது அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். கூச்சத்தில் மூடிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். அன்றைக்கே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்: இந்த மனுஷனை இனி ஒரு தரம் தெருவில் போட விடமாட்டேன்.

விட்டேனே. மறுபடியும் நிறைந்தது, அதற்கு மறுபடியும். முதலில் வருஷம் தாங்கியது, அப்புறம் சில மாதம்கூடத் தாங்கவில்லை. ஒவ்வொரு தரமும் அதே லாரிக்காரர், அதே போர்வை, அதே வேப்பமரம். ஒவ்வொரு தரமும் நான் கூட்டத்தை விரட்டினேன். பினாயிலைக் குறைத்தேன். பஞ்சும் துணியும் குழாயில் போகாமல் தனி வாளி வைத்தேன். அப்படியும் அடைத்தது. லாரிக்காரர் கொக்கி விட்டு இழுத்தால் ஊறிப்போன துணிக் கந்தல் வரும். நான் அவருக்குப் புண் துடைக்கிற காஸ் துணிதான் எப்படியோ தவறிப் போகிறது என்று நினைத்துக்கொண்டு, என்னையே நொந்துகொண்டேன். அக்கா ஒரு தரம் கிணற்றடியில் என்னிடம் சொன்னாள், அண்ணாச்சி வெளியே வந்த அன்றைக்கு எவ்வளவு பேசினார் தெரியுமா என்று. ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

கடைசியில் கொத்தனாரைத் திரும்பப் பிடித்து உலுக்கினேன். நீர் கட்டின அறைதானே, இதற்கு ஒரு வழி சொல்லாமல் போக முடியாது என்றேன். அவர் சந்தில் தோண்டிப் பார்த்தார். டேங்கின் ஒரு ஓரம் அறைச் சுவரைத் தாண்டி, சந்துக்குள் ஒரு முழம் நீண்டு கிடந்தது. இத்தனை நாள் அதை யாருமே பார்க்கவில்லை! அந்த இடத்தில் ஸ்லாப்பை வட்டமாக வெட்டி, சுற்றிலும் செங்கல் வைத்து, மண் மட்டத்துக்கு மேலே கிணற்றுக்கு உறை இறக்கியது போல எழுப்பிவிடலாம். மழைத் தண்ணீரும் உள்ளே போகாது, உள்ளே ஆளும் இறங்க வேண்டாம், ஹோஸை விட்டால் போதும் என்றார். எனக்குக் கடவுளே சந்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

அந்த வேலை நடந்த நாட்களில் நான் ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டுவிட்டு வெயிலில் நின்றேன். கான்கிரீட் மூடி வேண்டாம், ஃபைபரில் வருகிற லேசான மூடி வேண்டும் என்றேன். கைப்பிடி வேண்டும், பிள்ளைகள் திறக்காதபடி பூட்டு வேண்டும். கழிப்பறையிலிருந்து வருகிற குழாயில், வளைவுக்குப் பக்கத்தில் குச்சி விட்டுக் குத்த ஒரு திறப்பும் வைக்கச் சொன்னேன். பூச்சு வேலை முடிந்ததும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சுத்தியல் சத்தம் அவருக்கு உள்ளே கேட்டுக்கொண்டேயிருந்தது.

"அங்கன என்ன உடைக்காக?"

"இனிமே வெளியிலருந்தே அள்ளிறலாங்க. உங்களத் தூக்கவே வேண்டாம். அசைக்கக்கூட வேண்டாம்."

அப்படியா என்றார். எவ்வளவு சந்தோஷமாக நான் அதைச் சொன்னேன் என்று இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அன்றைக்குக் கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டார். பசியில்லை என்றார். சுத்தியல் சத்தத்தில் தலைவலி வந்திருக்கும் என்று மாத்திரை கொடுத்தேன்.

கொஞ்ச நாளில் மறுபடியும் தண்ணீர் எதிர்த்து வந்தது. எனக்கோ உள்ளுக்குள் குஷி. வரட்டும், இப்போது வரட்டும் என்று லாரியைக் கூப்பிட்டேன். லாரி வந்து சந்து முனையில் நின்றது. பூட்டைத் திறந்தேன். ஹோஸ் இறங்கியது, மோட்டார் ஓடியது. அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் பாதி டேங்க் காலி. லாரிக்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். வேப்பமரத்தடியைப் பார்த்தார்.

"அண்ணாச்சி எங்க சிஸ்டர்? இன்னும் வெளிய தூக்கலயா?"

இனி அந்தக் கண்ராவியே கிடையாது என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. கொக்கியை உள்ளே விட்டுக் குழாய் வாயில் அடைத்திருந்ததை இழுத்து வெளியே போட்டார். மூடியைக் கொஞ்ச நேரம் காற்றாடத் திறந்தே வைக்கச் சொல்லிவிட்டு ஹோஸைச் சுருட்டப் போனார்.

நான் குனிந்து பார்த்தேன். அது என் காஸ் துணி இல்லை. கட்டம் போட்ட லுங்கி. நீளமாகக் கிழித்து, பந்தாகச் சுருட்டி, அவிழாமல் இருக்கச் சுற்றிலும் முடிச்சுப் போட்டிருந்தது. அந்த முடிச்சு எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கொடிக்கயிறு அந்த முடிச்சில்தான் கட்டியிருக்கிறது. கொசுவலையும் அதே முடிச்சுதான். கயிற்றில் ஒரு கண்ணி விட்டு, அதற்குள் நுழைத்து இழுத்து முறுக்குகிற, தார்ப்பாய் கட்டுகிற லாரிக்காரன் முடிச்சு. எத்தனை தரம் இந்தத் துணியைப் பார்த்திருக்கிறேன். எத்தனை தரம் வாளியில் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டினேன்.

உள்ளே போனேன். லாரி கிளம்புகிற சத்தத்தை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டை போட்டிருந்தார். தலை சீவி எண்ணெய் வைத்திருந்தார். சந்தில் நான் கட்டியிருக்கிற வாயை அவர் கண்ணால் பார்த்ததில்லையே. ஒருவேளை அது சரிப்படாமல் போகும், உள்ளே வந்து தூக்குவார்கள் என்று இருந்திருக்கிறார்.

"பின் டயரு மாத்திட்டானா?" என்று கேட்டார்.

நான் டயரைப் பார்க்கவில்லை. மாத்திட்டார் என்று சொன்னேன். நல்லது என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

நேரடியாகக் கேட்டிருக்கலாம், ஏன் கேட்கவில்லை என்று யாராவது சொல்லலாம். கேட்டேன். துணியைப் பற்றிக் கேட்கவில்லை, அதற்கு எனக்கு வாய் வரவில்லை. வெளியே போவோமா, நாலு பேரைக் கூப்பிடட்டுமா, மரத்தடியில் கொஞ்ச நேரம் இருப்போமா என்று கேட்டேன். சோலி இல்லாமல் எதற்கு வெளியே, ஊரு சிரிக்கவா என்றார். அப்புறமும் விடாமல் கேட்டேன். கெஞ்சினேன், சண்டை போட்டேன். யாரும் பார்க்கக் கூடாது என்று சொன்னது அவர். அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள அவருக்கு வாய் வராது. அப்படியே வளர்ந்த ஆள். டேங்க் நிறைந்தால் தூக்கித்தான் ஆக வேண்டும், அதில் அவர் கேட்டதாக ஒன்றும் இல்லை, அவரை யாரும் பாவம் என்று கூட்டிப் போனதாகவும் இல்லை. அந்த ஒரு வழிதான் அவருக்கு இருந்தது. அதை நான் செங்கல் வைத்துப் பூசி, மேலே பூட்டும் போட்டேன்.

அதற்குப் பிறகு குழாய் ஒரு தரம்கூட அடைக்கவில்லை. அடுத்த மழை வந்து போனது. அக்கம்பக்கத்தில் எல்லார் வீட்டிலும் தண்ணீர் எதிர்த்து வந்தது. எங்கள் வீட்டில் ஒன்றும் ஆகவில்லை. சபைப் பெண்கள் இப்போது முன்னறையில் முழுப் பாட்டும் பாடுகிறார்கள். சந்தில் நான் கட்டியதைப் பார்க்க ஆட்கள்கூட வருகிறார்கள், எங்கள் வீட்டிலும் இப்படி வைக்கலாமா என்று. வைக்கலாம், நல்லது என்று சொல்லி அனுப்புகிறேன். வேறு என்ன சொல்ல? அவர் பேச்சைக் குறைத்துவிட்டார். நாற்காலிக்குத் தானே தாவுவதையும் விட்டுவிட்டார். நான் டூட்டி முடிந்து வந்தால் மூத்திரப் பை நிறைந்து தொங்குகிறது. போன மாதம் முதுகில் சிவப்பாக ஒரு இடம் பார்த்தேன். எத்தனையோ பேர் முதுகில் பார்த்திருக்கிறேன், அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

இந்த ஆடியில் இருக்கன்குடிக் கூட்டம் தெருவில் போய்க்கொண்டிருந்தது. கொட்டுச் சத்தம் சுவரில் மோதிக்கொண்டிருந்தது. அவர் கூரையைக்கூடப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக் கிடந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கட்டில் பக்கத்தில் போய் நின்றுகொண்டு வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னேன். நான் பொய் சொன்னால் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும் என்று கல்யாணமான புதிதிலேயே அவர் சொல்லியிருக்கிறார்.

"டேங்க் நெறஞ்சிருச்சுங்க. வெளி மூடி இறுகிப்போய்த் திறக்க வரமாட்டேங்குது. இங்கனதான் உடைக்கணும். ஆளுகளைக் கூப்பிடட்டா?"

கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். கோபம் இருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"வேண்டாம் புள்ள. அது நல்லா ஓடுது. எனக்குக் கீழதான, சத்தம் கேக்குது."

சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கொட்டுச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை நான் அங்கேயே நின்றேன். பிறகு சந்துக்குப் போய், பூட்டைத் திறந்து, மூடியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன். ஒரு கையாலேயே வந்துவிட்டது.